ஷாதோரூவிலிருந்து, புதிதாகச் சுடப் பழகும் நண்பருக்கு



பாரிஸ் ஒலிம்பிக் என்று பெயரே தவிர, 2024 ஜூலை 28 அன்று இந்தியாவின் மனு பாக்கர் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றது பாரிஸுக்குத் தெற்கே சுமார் 270 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஷாதோரூவை ஒட்டிய சுடுதளத்தில்தான். தென்கொரியாவின் கிம் யே ஜியிடம் அவர் வெள்ளியைப் பறிகொடுத்தது 0.1 புள்ளியில். இலக்கு அட்டையில் அது 0.8 மில்லிமீட்டர். புதிதாகப் பிஸ்டல் வாங்கியிருக்கும் உங்களுக்கு இந்த ஊரிலிருந்து சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது: குறி பார்ப்பதைவிட, விசையை அழுத்தப் பழகுவதே முதல் பாடம்.

பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்தால் துப்பாக்கி ஆடத்தான் செய்யும். பதக்கம் வென்றவர் கையிலும் ஆடும். புதியவர் இந்த ஆட்டத்துக்கே அஞ்சி, குறி மையத்தைக் கடக்கும் நொடியில் விசையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். துப்பாக்கி சாயாமல், கையோடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். குழல் முனையிலுள்ள முன்குறி மட்டும் கண்ணுக்கு அருகிலுள்ள பின்குறியின் பள்ளத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்துவிட்டாலோ, இரு குறிகளுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் உள்ள துப்பாக்கியில், விலகல் 33 மில்லிமீட்டர் ஆகிவிடும். பத்தில் விழ வேண்டியது ஆறில் விழும். வெடுக்கென்று இழுக்கும் விரல் உண்டாக்குவது இந்தச் சாய்வைத்தான். அதனால் கண் முன்குறியில் இருக்கட்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். போட்டி விதிப்படி விசையின் எடை குறைந்தது 500 கிராம். அதை நேர் பின்னோக்கி, சீராக, ஆட்டம் நிற்கக் காத்திராமல் அழுத்த வேண்டும்.

துப்பாக்கியே புதிது, குறிகளை முதலில் திருத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். குண்டுகள் ஓரிடத்தில் கூடி, அந்த இடம் மையத்தைவிட்டு விலகியிருந்தால் திருத்தலாம். நாலாபுறமும் சிதறியிருந்தால் எதை வைத்துத் திருத்துவது? 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனுவின் துப்பாக்கி பழுதாகி நேரம் போனது உண்மை. கருவி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழுது வேறு, சிதறல் வேறு. சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் விரல்தான். விரலைப் பழக்க, குண்டில்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுங்கள். அப்படி அழுத்தி என்ன தெரியப்போகிறது என்பவர்களும் உண்டு. குண்டு போட்டுச் சுடும்போது கவனம் உடனே அட்டைக்கு ஓடிவிடுகிறது. வெறும் விசைப் பயிற்சியில், ‘டிக்’ என்ற அந்தக் கணத்தில் முன்குறி துள்ளியதா, அசையாமல் நின்றதா என்பது பளிச்சென்று தெரியும். நல்ல பயிற்சியாளர்கள் இதை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

போட்டித் துப்பாக்கிகளில் இந்த வெறும் விசைப் பயிற்சிக்கென்றே தனி வசதி உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆள் நடமாட்டமில்லாத வெற்றுச் சுவரைப் பார்த்துப் பழகுங்கள். குண்டுகள் ஓரிடத்தில் கூடும்வரை குறியின் திருகாணியைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்