‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்க ஒருவர் வேண்டும்!

கடலூரிலோ சிதம்பரத்திலோ காலை வேளையில் ஏதாவது ஒரு நூலக வாசலைக் கவனித்திருக்கிறீர்களா? கதவு திறக்கும் முன்பே நாலைந்து பெரியவர்கள் வந்து நிற்பார்கள். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, கையில் மடக்குக் குடை. பேப்பர் படிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைப்போம். ஆனால், அவர்களில் பலருக்கு வீட்டிலேயே பேப்பர் வருகிறது. பேரன் வாங்கிக் கொடுத்த செல்போனிலும் செய்தி வருகிறது.

அப்படியும் ஏன் வருகிறார்கள்? ஒரு செய்தியைப் படித்துவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் “இதைப் பார்த்தீங்களா சார்?” என்று கேட்க வேண்டும். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “நம்ம சர்வீஸ்ல இதெல்லாம் உண்டா?” என்று ஆரம்பிக்க வேண்டும். அதற்காகத்தான்.

ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் பெரும்பாலும் குறையொன்றும் இருக்காது. மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்து தவறாமல் போன் செய்வார்கள். ஆனால், ஒரு நாளில் அந்தப் பெரியவரிடம் கேட்கப்படும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். “சாப்டீங்களா?” ஒன்று. “மாத்திரை போட்டீங்களா?” இரண்டு. அவ்வளவுதான். அறுபது, எழுபது வருட வாழ்க்கை உள்ளே இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

இதே சிதம்பரத்துக்கு 1924-ல் ஒரு பெரியவர் வேலைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69! சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக அழைத்தார்கள். மூன்று ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். பின்னாளில் அந்தக் கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்தப் பெரியவர்தான் தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாத ஐயர்.

சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அவர் பதிப்பித்த பெரிய நூல்கள் பலவும் 1900-க்கு முன்பே வந்துவிட்டன. ‘இனி என்ன இருக்கிறது’ என்று சிதம்பரத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தன் ஆசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ல் மறைந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை உ.வே.சா. இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 34-ல்தான். அப்போது அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய வேலை அதற்குப் பிறகு வந்தது. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கியபோது அவருக்கு 85-வது வயது நடந்துகொண்டிருந்தது. ஊர் உத்தமதானபுரம், தமிழ் படிக்க அலைந்த நாட்கள், ஏடு தேடிப் போன பயணங்கள் எல்லாம் வாரா வாரம் வந்தன. மொத்தம் 122 அத்தியாயங்கள்.

அந்த வயதில் எப்படி முடிந்தது? ஞாபக சக்தி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது மட்டும் போதாது. எழுதும்படி கேட்க ஒரு பத்திரிகை இருந்தது. பக்கத்தில் இருந்து உதவ, பின்னாளில் கலைமகள் ஆசிரியராகப் புகழ்பெற்ற கி.வா.ஜகந்நாதன் போன்ற மாணவர் இருந்தார். அடுத்த வாரம் என்ன என்று காத்திருக்க வாசகர்கள் இருந்தார்கள். கேட்க ஒருவர், உதவ ஒருவர், காத்திருக்கச் சிலர். இந்த மூன்றும் இருந்ததால், 85 வயது அவருக்குத் தனிமையாக இல்லை.

இன்னொருவரும் உண்டு. கடலூரில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய புதுச்சேரியில் வாழ்ந்தவர், கி.ராஜநாராயணன். கரிசல் மண்ணின் விவசாயி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஊரை விட்டுப் புதுச்சேரிக்கு வந்து, பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானபோது அவர் அறுபது வயதைத் தாண்டியவர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர் அவர். கதை சொல்பவரின் எதிரே உட்கார்ந்து காது கொடுத்தால்தான் அந்த வேலை நடக்கும். 2021-ல், 97 வயதில் மறையும்வரை அவரைத் தேடி வாசகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தொண்ணூறு வயதுக்கு மேலும் அவர் எழுதினார்.

‘அவர்கள் மேதைகள், நமக்கு எதற்கு?’ என்று தோன்றலாம். சிதம்பரத்துக்காரர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஒரு கதை உண்டு. நடராஜர் கோயில் அறையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் அரித்துவிட்டது, கதவைத் திறந்தபோது மிஞ்சியதுதான் இன்று நாம் பாடுவது என்பது சைவ மரபு. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஓர் அறை இருக்கிறது. உ.வே.சா. ஊரூராய்ப் போய்க் கறையானிடமிருந்து ஏடுகளை மீட்டார். கடைசிக் காலத்தில் தன் மனசுக்குள் இருந்த ஏடுகளையும் மீட்டுக் கொடுத்தார். நம் வீட்டுப் பெரியவரின் அறையை யார் திறப்பது?

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா. ஒரு நாளைக்கு அரைப் பக்கம். கை நடுங்கினால் செல்போனில் பேசிப் பதிவு செய்யலாம். “உங்க வாழ்க்கையை எழுதுங்க” என்று சொன்னால் யாருக்கும் எழுத வராது. மலைப்பாக இருக்கும். அதனால், சின்னதாகக் கேளுங்கள். “சுனாமி வந்த அன்னிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?” “தானே புயல்ல நம்ம பலா மரமெல்லாம் போனப்ப என்ன பண்ணீங்க?” “முதல் சம்பளத்துல என்ன வாங்கினீங்க, பாட்டி?” ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் வந்துவிடும்.

எழுதியதை வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. இல்லாவிட்டால், பேப்பர் படிக்க வரும் அதே நாலு பேர் போதும். வாரத்தில் ஒரு நாள், ஆளுக்கு ஒரு பக்கம். ஒருவர் பழைய ரயில்வே ஸ்டேஷனைப் பற்றி வாசித்தால், இன்னொருவர் “அங்கே ஒரு டீக்கடை இருந்துச்சே!” என்பார். அடுத்த வாரம் அந்தக் டீக்கடையைப் பற்றி அவர் எழுதி வருவார். ஒருவர் வரவில்லையென்றால் மற்ற மூவரும் போன் செய்து விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பு எந்த மாத்திரையைவிடவும் பெரியது.

1942 ஏப்ரல் 28 அன்று உ.வே.சா. மறைந்தார். ‘என் சரித்திரம்’ முழுமை பெறாமல் நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து மீதிக் கதையை, ‘என் ஆசிரியப்பிரான்’ என்ற பெயரில், கி.வா.ஜ. எழுதினார். அத்தனை வருடம் பக்கத்தில் இருந்து கேட்டவருக்குத்தான் மீதியையும் சொல்ல முடிந்தது.

இன்று இரவு ஊருக்குப் போன் செய்யும்போது, சாப்பிட்டாச்சா என்ற கேள்விக்குப் பிறகு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். அவர் எதையாவது சொல்லத் தொடங்கி, “உனக்கு வேலை இருக்கும், வெச்சிடறேன்” என்று பாதியில் நிறுத்தப் பார்ப்பார். விடாதீர்கள்.

“அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள்.