கையுறைக்காரரைத் தேடி

பர்மிங்காம் மூர் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. என்னோடு இறங்கியவர்கள் எல்லாரும் மகனைப் பார்க்க வந்தவர்கள். நான் வந்தது தகப்பனாருக்காக. ஜான் ஷேக்ஸ்பியர், கையுறை தைத்து விற்றவர். நாடகம் எழுதியவரைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிவிட்டார்கள். தைத்தவரோ ஊர்க் கணக்குகளிலும் வழக்குக் கட்டுகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறார்.

இந்த ஊரில் அவரைப் பற்றிக் கிடைக்கும் முதல் சேதியே ஓர் அபராதம். 1552 ஏப்ரல் 29. ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்காக அவருக்கும் இன்னும் இருவருக்கும் ஆளுக்கு 12 பென்ஸ். குப்பை கொட்டத் தெருக்கோடியில் பொது இடம் இருந்தது. அதுவரை நடக்கச் சோம்பல் போலிருக்கிறது. படித்தவுடனேயே எனக்கு மனிதரைப் பிடித்துப்போயிற்று.

ஹென்லி தெரு வீட்டில் கையுறைப் பட்டறையை மறுபடி அமைத்து வைத்திருக்கிறார்கள். கூட்டம் அங்கே நிற்பதில்லை, மகன் பிறந்த மாடியறைக்கு விரைகிறது. நான் நின்றேன். தொங்கும் தோல்கள் பழுப்பாக இல்லை, வெளேரென்று இருந்தன. செருப்புத் தோலை மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். கையுறைக்காரரின் வேலை வேறு. ஆடு, மான் ஆகியவற்றின் மெல்லிய தோலைப் படிகாரமும் உப்பும் சேர்த்துப் பதமாக்குவது. சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். தோல் வெளுத்து, விரலுக்கு இணங்கும்.

தொழிலுக்குக் கத்தரியும் கத்தியும் போலவே கவராயமும் வேண்டும். ஜான் தன் பெயரை எழுதிய காகிதம் ஒன்றும் கிடைக்கவில்லை. கையெழுத்து வேண்டிய இடத்தில் அவர் இட்ட குறிகளில் ஒன்று கவராயத்தின் படம். கைநாட்டுப் பேர்வழி என்று சிரிக்கலாம். எனக்கு அது கடைப்பலகை மாதிரி தெரிந்தது.

அவருடைய அப்பா ரிச்சர்டு, வடக்கே ஆறு கிலோமீட்டரில் உள்ள ஸ்னிட்டர்ஃபீல்டில் குத்தகை விவசாயி. உழுத நிலம் ராபர்ட் ஆர்டனுடையது. ஜான் கட்டிக்கொண்டது அந்த நிலக்காரரின் மகள் மேரியை. குத்தகைக்காரன் பிள்ளை ஓரடியில் எத்தனை படி ஏறியிருக்கிறான்!

ஊரிலும் ஏறினார். 1556-இல் பீரின் தரம் பார்க்கும் வேலை. 1568-இல் ஊருக்கே தலைவர். இடையில் நகரக் கணக்கைப் பார்த்துக்கொண்ட காலத்தில், கில்ட் தேவாலயச் சுவரோவியங்களை அழிக்க 2 ஷில்லிங் செலவு எழுதியிருக்கிறது. அவர் தலைவராக இருந்த ஆண்டில்தான் நாடகக் குழுக்களுக்கு ஊர்ப்பணம் கொடுத்ததாக முதல் பதிவு வருகிறது: ராணியின் குழுவுக்கு 9 ஷில்லிங், வொர்செஸ்டர் பிரபுவின் குழுவுக்கு 1 ஷில்லிங். மகனுக்கு அப்போது ஐந்து வயது. நகரசபை கூடிய கில்ட் மண்டபம் இன்னும் நிற்கிறது. உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

கையுறையோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பார். கம்பளி வியாபாரத்தில் இறங்கினார், வட்டிக்கும் கொடுத்தார். இரண்டுமே சட்டத்துக்குப் புறம்பு. வட்டி வழக்கு ஒன்றில் 40 ஷில்லிங் அபராதம். கம்பளி வழக்குகளில் சொல்லப்பட்ட சரக்கு மொத்தம் 300 டாடு. ஒரு டாடு 28 ராத்தல். ஆக மூன்றே முக்கால் டன்னுக்கும் மேல். இது பட்டறை ஓரத்தில் நடந்த சில்லறை வியாபாரம் இல்லை. 1577 முதல் நகரசபைக் கூட்டங்களுக்கு வருவது நின்றது. கிட்டத்தட்டப் பத்து வருஷம் பொறுத்துப் பார்த்து, 1586-இல் பெயரை அடித்தார்கள். 1592-இல் தேவாலயத்துக்கு வராதவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. காரணம்: கடன் வழக்கில் பிடிபடும் பயம். அது சாக்கு, அவர் ரகசியக் கத்தோலிக்கர் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஜவுளிக்கடை நொடித்தபின் எங்கள் பெரியப்பா திருவிழாவுக்குக்கூட வெளியே வரமாட்டார். நான் பட்டியலையே நம்புகிறேன்.

1601 செப்டம்பரில் அடக்கமானார். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் உள்ளே, பீடத்துக்கு முன்னால், மகனின் கல்லறை. தகப்பனாருக்கு ஒரு கல்லும் இல்லை. ஈரப் புல்லில் சுற்றிச் சுற்றி வந்து ஷூவைத்தான் நனைத்துக்கொண்டேன்.

மகனின் நேர் வாரிசு 1670-இல் பேத்தி எலிசபெத்தோடு முடிந்தது. குடும்பம் தழைத்தது ஜானின் மகள் ஜோன் வழியில். அவள் வாக்கப்பட்டதும் ஒரு தொழில்காரருக்குத்தான்: தொப்பி செய்யும் வில்லியம் ஹார்ட். 1616 ஏப்ரலில் கணவர் போனார்; ஒரு வாரத்துக்குள் அண்ணனும் போனார். அண்ணன் உயிலில் அவளுக்கு 20 பவுன், தன் உடுப்புகள், சாகும்வரை ஹென்லி தெரு வீட்டில் குடியிருக்கும் உரிமை. வாடகை வருஷத்துக்கு 12 பென்ஸ். அப்பா குப்பைக்குக் கட்டிய அதே தொகை. ஹார்ட் குடும்பத்தின் கையில் அந்த வீடு 1806 வரை இருந்தது; ஒரு காலத்தில் அதில் ஒரு பகுதி இறைச்சிக்கடை.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மறுபடி ஹென்லி தெருவுக்குப் போய், அந்தக் குப்பைமேடு எங்கே இருந்திருக்கும் என்று வாசலில் நின்று பார்த்தேன். தரை துப்புரவாக இருந்தது. கையில் நனைந்து கசங்கிய நுழைவுச்சீட்டு. குப்பைத்தொட்டி தெருக்கோடியில் இருந்தது. சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன்.