ஐந்து மணிக்கு வந்தவனின் கூலி

ஓசூர் சிப்காட்டில் ஒரே வேலை செய்தாலும் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறு சம்பளம். கூடுதல் நேரத்துக்கு ஓ.டி. இந்தக் கணக்குக்குப் பழகியவரை மத்தேயு 20-ஆம் அதிகாரம் உறுத்தும். திராட்சத்தோட்டத்துக்கு விடியற்காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி! முந்தி வந்தவர்கள் முறுமுறுத்தது நியாயம்தானே?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. கடைசியில் வந்தவன் சோம்பேறியும் அல்ல. அதுவரை அவனை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அவன் வீட்டுப் பசி முழு நாள் பசி. எஜமான் நேரத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பசியைப் பார்த்தார்.

உழைத்து வாங்கினால் கூலி, சும்மா கொடுத்தால் கிருபை. இரட்சிப்பு இரண்டாவது வகை. சிறுவயது முதல் ஆலயத்துக்குப் போகிறவருக்கும் கடைசி நாளில் மனந்திரும்பியவருக்கும் அது ஒன்றே. இதைக் கேட்டு மனசு கசந்தால், உள்ளே இன்னும் ஓ.டி. கணக்குதான் ஓடுகிறது.