அண்ணாச்சிக்குக் கிடைக்காத சக்கரம்

பாறசாலைக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடை என்று சொல்வதும் மிகைதான். கண்ணாடிப் பெட்டி ஒன்று, முக்காலி ஒன்று, தாழத் தொங்கும் விளக்கு ஒன்று, இவ்வளவே. அங்கே அமர்ந்திருப்பவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பிழைப்புத் தேடி வந்தவர். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஆயினும் நம்மவர் பிழைப்பு அந்த எல்லைக் கோட்டுக்கு இருபுறமும்தானே நடந்து வருகிறது! அவரை நான் அண்ணாச்சி என்று அழைப்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

என் உத்தியோகம் இரயில்வேயில் எழுத்தர் வேலை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1979இல் திறக்கப்பட்டது. அந்தப் பாதை போட்ட காலத்தில் என் தந்தையார் அதில் கூலிக்கு மண் சுமந்தவர். கூலியில் மிச்சம் பிடித்து ஓர் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் வாங்கினார். நாள்தோறும் காலையில் அதற்குச் சாவி கொடுப்பது இப்போது என் கடமை.

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. நலிவுற்ற அக்கடிகார நிறுவனத்தை மூடிவிட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. செய்தவர்கள் போய்விட்டார்கள், தந்தையாரின் கடிகாரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற ஆண்டு அதன் மெயின் ஸ்பிரிங் அறுந்தது. அண்ணாச்சி ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்தார். நாட்டு மருந்துக் கடைப் பொட்டலங்களைப் போல் மடித்த தாள்களுக்குள் சக்கரங்களும் திருகாணிகளும் முட்களும் இருந்தன. சென்னைப் பாரிமுனையில் வாங்கியவை சில. செத்த கடிகாரங்களிலிருந்து கழற்றி வைத்தவை பல. ஜனதாவின் உறுப்புப் பைலட் என்னும் மாதிரிக்கும் பொருந்தும் என்று காட்டினார். கூலியும் பொருளும் சேர்த்து 350 ரூபாய் ஆயிற்று.

இனி மற்றொரு கடிகாரத்தின் கதை. வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தான் எனக்கு ஒரு சுவிஸ் கைக்கடிகாரம் பரிசளித்தார். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் வகை. நான்கு ஆண்டுகள் ஓடி, ஒருநாள் நின்றது. அண்ணாச்சி பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, பத்து நிமிடத்தில் குறையைக் கண்டுவிட்டார். சாவி ஏற்றும் பகுதியில் கடுகளவான சக்கரம் ஒன்றில் பற்கள் தேய்ந்து போயிருந்தன.

“தம்பி, நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரியும். மருந்துக் கடையில்தான் நம்மை உள்ளே விடமாட்டார்கள்” என்றார்.

அந்த நிறுவனம் தன் உறுப்புகளைத் தன் அனுமதி பெற்ற நிலையங்களுக்கு மட்டுமே கொடுக்கிறதாம். திருவனந்தபுரத்தில் விசாரித்தேன். கடிகாரத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டும், ஆறு வாரம் ஆகும், உள்ளிருக்கும் இயந்திரத்தையே முழுதாக மாற்றுவோம், 16,500 ரூபாய் ஆகும் என்றார்கள். தேய்ந்தது ஒரு சக்கரம்; மாற்றுவது இயந்திரம் முழுவதும்! அந்தச் சக்கரத்தை மட்டும் விலைக்குத் தருவீர்களா என்று கேட்டதற்கு, அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

மூடப்பட்ட ஆலையின் கடிகாரத்துக்கு உறுப்புக் கிடைக்கிறது. செழித்து வாழும் நிறுவனத்தின் கடிகாரத்துக்குக் கிடைக்கவில்லை. இந்த விந்தையைத்தான் அன்பர்கள் முன் வைக்க விரும்பினேன்.

இது பாறசாலைக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. முற்காலத்தில் சுவிஸ் கடிகாரங்களில் பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே இருந்த இயந்திரங்கள் பெரும்பாலும் பொதுவான சில ஆலைகளில் செய்தவை. அவற்றின் உறுப்புகள் மொத்த வியாபாரிகள் வழியாக எந்த ஊர்க் கடிகாரக்காரருக்கும் கிடைத்தன. பிறகு பெரிய நிறுவனங்கள் அந்த வழியை ஒவ்வொன்றாக அடைத்தன. ஸ்வாட்ச் குழுமம் இங்கிலாந்தில் கசின்ஸ் என்னும் மொத்த வியாபாரிக்கு உறுப்புகள் கொடுப்பதை 2015ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திக்கொண்டது. ஐரோப்பியக் கடிகாரக்காரர்களின் சங்கக் கூட்டமைப்பு அதற்கு முன்னரே, 2004இல், ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டிருந்தது. ஆணையம் 2008இல் அம்முறையீட்டைத் தள்ளியது. 2010இல் நீதிமன்றம் அந்த முடிவை நீக்கியது. ஆணையம் 2014இல் மீண்டும் தள்ளியது. 2017இல் நீதிமன்றமும் அதனை ஏற்றது. பதின்மூன்று ஆண்டு வழக்காடியும் அவர்களுக்குச் சக்கரம் கிடைக்கவில்லை.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. போலி உறுப்புகள் சந்தையில் மலிந்திருப்பது உண்மை. நீர் புகாத கடிகாரத்தைத் திறந்து, சரியாக மூடத் தெரியாமல் கெடுப்பவர்களும் உண்டு. அப்படியானால் தொழில் தெரிந்தவரைச் சோதித்துப் பார்த்து உறுப்பைக் கொடுக்கலாமே! அண்ணாச்சியைச் சோதிக்க யாரும் வரவில்லை.

எங்கள் இரயில்வேயில் முறை வேறு. இலக்னோவில் 1957இல் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம், வண்டிகளின் உறுப்புகளுக்கு வரைபடமும் அளவும் வகுக்கிறது. அந்த அளவின்படி தகுதி பெற்ற பலர் செய்து கொடுக்கிறார்கள். ஒரு பிரேக் கட்டைக்காக ஒரே ஒரு கம்பெனியின் வாசலில் சரக்கு வண்டி ஆறு வாரம் நின்றால் நாடு என்னாவது!

நம் நாட்டிலும் இக்கேள்வி எழாமல் இல்லை. மோட்டார் கார் உறுப்புகளை வெளிப்பட்டறைகளுக்குத் தாராளமாக விற்காத 14 நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவை மேல்முறையீடு சென்றன. 2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. உழவுக் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். கைக்கடிகாரம் அந்நான்கில் தனித்துப் பெயர் பெறவில்லை. கடிகாரக்காரர்களின் குரல் அத்தனை சிறியது போலும்.

அண்ணாச்சியின் இப்போதைய வருமானம் பெரும்பாலும் பேட்டரி போடுவதிலும் பட்டை மாற்றுவதிலும்தான். அவ்வேலைக்கு நாற்பது ஆண்டுப் பயிற்சி வேண்டியதில்லை. அவர் மகன் இத்தொழிலில் ஓராண்டு அமர்ந்து பார்த்துவிட்டு, களியக்காவிளையில் கைப்பேசிக் கடைக்குப் போய்விட்டான். “கை பழக்கிவிட்டேன் தம்பி, கையில் கொடுக்கத்தான் ஒன்றுமில்லை” என்று அண்ணாச்சி ஒருநாள் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

என் சுவிஸ் கடிகாரம் அவருடைய இழுப்பறையில், என் பெயர் எழுதிய உறைக்குள் இருக்கிறது. அதே இயந்திரம் கொண்ட செத்த கடிகாரம் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து சக்கரத்தை எடுத்துப் போடலாம் என்கிறார். ஆதலால் சங்கத்துக் குடும்பங்களிடம், சிறப்பாக வளைகுடாவில் உறவினர் உள்ளவர்களிடம், ஒரு வேண்டுகோள். ஓடாத கடிகாரங்கள் வீட்டில் கிடந்தால், எந்தப் பெயருடையதாயினும், கண்ணாடி உடைந்ததாயினும், குப்பையில் போடாதீர்கள். மாதக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வந்து என்னிடம் கொடுங்கள். நான் அண்ணாச்சியிடம் சேர்ப்பிக்கிறேன். அவர் தகரப் பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது.