இடது பக்கம் ஒரு டிஷ்யூ

என்னிடம் இருக்கும் ஹெட்போனின் விலை இரண்டாயிரத்துக்கும் கீழே. பின்பக்கம் பாதி திறந்த வகை. பேஸ் பரவாயில்லை, குரலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பாடுகிறவர் ‘ச’ என்று உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் காதில் குண்டூசி. இரண்டு பாட்டுக்கு மேல் தாங்காது.

குண்டூசி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. லேப்டாப்பில் சைன் ஸ்வீப் ஓடவிட்டேன். 20 ஹெர்ட்ஸில் முனகலாகத் தொடங்கி மேலே ஏறுகிற ஒற்றை ஒலி. 5000 தாண்டியதும் கூர்மையாகி, 8000 பக்கத்தில் கத்தி, பிறகு அடங்கியது. ஈக்வலைசரில் அந்த இடத்தை இறக்கினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நாள் முழுக்க கோட் எழுதுகிறவனுக்குச் சாயங்காலமாவது ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வேண்டும் போலிருக்கும், அவ்வளவுதான்.

மலிவு ஹெட்போனை நோண்டுவது உலகம் முழுக்க இருக்கிற வியாதி. கிராடோ எஸ்ஆர்60 வைத்திருப்பவர்கள் அதன் ஸ்பாஞ்சு நடுவில் கால் டாலர் நாணய அளவுக்கு ஓட்டை போடுவார்கள். நம்முடைய பழைய ஒரு ரூபாய் கிட்டத்தட்ட அதே அளவு. ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி-யைத் திறந்து உள்ளே களிமண்ணும் பஞ்சும் திணிக்கிறவர்கள் தனி ஜாதி. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. டிரைவர் முன்பக்கம் தள்ளுகிற காற்றைப் பின்பக்கமும் தள்ளுகிறது. பின்னால் போன ஒலி பிளாஸ்டிக் கிண்ணத்தில் மோதி, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி, முன்னால் போனதோடு கலக்கிறது. சில ஸ்வரங்கள் வீங்கும், சில காணாமல் போகும். பஞ்சு வைத்தால் அந்தத் திரும்பல் குறையும். காது மெத்தை சரியாக ஒட்டாவிட்டால் இடுக்கு வழியே பேஸ் ஓடிவிடும். டிரைவருக்கு முன்னால் மெல்லிய காகிதம் வைத்தால் அடி ஸ்தாயி தாராளமாக நுழையும், உச்ச ஸ்தாயிக்குத்தான் அடி விழும்.

எனக்கு வேண்டியது அந்தக் காகிதம்தான். இரண்டு அடுக்கு டிஷ்யூவைப் பிரித்து, ஒரு அடுக்கை வட்டமாக வெட்டி, காது மெத்தையைக் கழற்றி டிரைவர் மேல் வைத்து, ஓரத்தில் மட்டும் மைக்ரோபோர் டேப் ஒட்டினேன். இடது பக்கம் மட்டும். நம் காதை நம்பக் கூடாது. வேலை செய்தோம் என்கிற திருப்தியே ‘ஆகா, என்ன மாற்றம்’ என்று சொல்ல வைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றி, பாட்டை மோனோ ஆக்கிக் கேட்டால் இரண்டு பக்கமும் எதிரெதிரே நிற்கும். திருப்பி மாட்டிக்கொண்டும் கேட்டேன். சந்தேகமே இல்லை, டிஷ்யூ பக்கம் குண்டூசி இல்லை.

அந்த வாரம் அப்பா குமாரபாளையத்திலிருந்து பெங்களூர் வந்திருந்தார். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். அந்தத் தறிச் சத்தம்தான் என் இன்ஜினியரிங் ஃபீஸ். பட்டறைக்குள் யாரும் பேசிக் கேட்டதில்லை, வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். கொஞ்ச வருஷமாக வீட்டில் அவர் பேச்சு குறைந்திருந்தது. “எல்லாரும் முணுமுணுன்னே பேசறீங்க” என்பார். ஒருநாள் என் மனைவி சமையலறையிலிருந்து “பசிக்குதாங்க மாமா?” என்று கேட்க, “படிக்கும், படிக்கும், சின்னப் புள்ளைதான” என்றார். நாங்கள் சிரித்தோம். அப்பா எதையும் கவனிப்பதில்லை என்று நான் எரிச்சலோடு பலமுறை சொல்லியிருக்கிறேன்.

‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடியதைப் போட்டு ஹெட்போனை அவருக்கு மாட்டிவிட்டேன். பெருமைதான், வேறென்ன.

“எந்தப் பக்கம் நல்லாருக்குதுங்கப்பா?”

“வலப்பக்கம். பாடறது சுத்தமா கேக்குது. இடப்பக்கம் பஞ்சு அடைச்சாப்ல இருக்குது.”

இடது காதுதான் மந்தம்போல என்று நினைத்து ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்.

“இப்ப வலப்பக்கம் அடைச்சிருக்குது. என்னடா பண்ணுன?”

வலது பக்கத்தின் குண்டூசி அவருக்குக் குத்தவே இல்லை. அதைத்தான் சுத்தம் என்கிறார். ஸ்வீப்பை ஓடவிட்டேன். மூவாயிரத்தை நெருங்கியபோதே “நின்னுபோச்சு” என்று கையைக் காட்டினார். எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நடுவே ஓரிடத்தில் “என்னமோ கீச்சுன்னு” என்றார். அது 7000 பக்கம், ஹெட்போனின் மேடு.

ஈரோட்டில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதனைத் தாளில் கோடு ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சமதரையில் நடந்து, 4000-இல் கிணற்றில் விழுந்திருந்தது. அவர் தாளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “தறிங்களா?” தொடர் இரைச்சல் முதலில் தின்பது அந்த இடத்தைத்தானாம். உள்காதின் மயிரிழைச் செல்கள் மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது. உயிரெழுத்துகளின் பலமெல்லாம் கீழ் ஸ்தாயியில் இருப்பதால் யாரோ பேசுவது கேட்கும். சொல்லைப் பிரித்துக் காட்டுகிற ச, த, ப போன்றவை மேலே இருப்பதால் என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. பசிக்கும் படிக்கும் இடையில் இருப்பது ஒரே எழுத்து.

காதுமெஷின் வாங்கினோம். அவர் இழந்த இடத்தை மட்டும் பார்த்துத் தூக்கிக் கொடுக்கிறது. சிங்க்கில் தட்டு விழுகிற சத்தம் தாங்கவில்லை என்று பாதி நாள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. பாட்டுக்கு மட்டும் மெஷினைக் கழற்றிவிட்டு ஹெட்போன் கேட்பார். சரிதான் என்று கொடுத்துவிட்டேன், வால்யூமுக்கு மட்டும் ஒரு வரம்பு போட்டு. கொடுப்பதற்கு முன் அவர் பார்த்துக்கொண்டிருக்கவே மெத்தையைக் கழற்றி டேப்பை உரித்தேன்.

“இந்தக் காயிதந்தானா?” என்று விரலில் வாங்கிப் பார்த்தார். “இது இருந்தா உனக்கு நல்லாருக்குதா?”

“ஆமாங்கப்பா.”

“எனக்குத்தான் இதுல நாலஞ்சு உள்ளாற கெடக்குதாட்ட இருக்குது” என்று சிரித்தார்.

பாதி திறந்த வகை என்பதால் ஒலி வெளியே கசியும். சாயங்காலம் அவர் ஹாலில் கேட்கும்போது பேஸும் குரலும் என் அறை வரை வருவதில்லை. வருவது அந்த ‘ச’ மட்டும்தான்.