ஓதலாம், எழுதக்கூடாது

என் நன்னிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். அரபுத் தமிழில் அச்சான பழைய கிதாபுகளைத் தடங்கலில்லாமல் வாசிப்பார். எழுத மட்டும் வராது. பத்திரம் என்றால் கைநாட்டுதான். "பொம்பளப் புள்ளைக்கு எழுத்து வந்துட்டா எவனுக்காச்சும் லெட்டர் எழுதிப்புடும்னு சொல்லித் தரல" என்பார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்ததே இல்லை.

கடையநல்லூருக்கு மட்டும் உரிய பயமல்ல இது. மலாய் வீடுகளிலும் பெண்பிள்ளைகளுக்கு ஓதச் சொல்லிக்கொடுத்துவிட்டு, எழுதுகோலை ஒளித்துவைத்த காலம் இருந்திருக்கிறது. காரணமும் அதேதான். காதல் கடிதம்!

அந்தப் பயத்தைச் சீண்டிப் பார்த்தவர் சையது ஷேக் அல்ஹாதி. 1867-இல் மலாக்காவில் பிறந்தவர், அரபு வம்சாவளி. ரியாவ் அரச குடும்பத்தின் அரவணைப்பில் வளர்ந்தார். 1906-இல் ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன் போன்றவர்களோடு சேர்ந்து சிங்கப்பூரில் 'அல்-இமாம்' இதழைத் தொடங்கினார். கெய்ரோவின் 'அல்-மனார்'தான் முன்மாதிரி. 1908-இல் அது நின்றுபோயிற்று. பிறகு ஜொகூரில் ஷரீஅத் வழக்கறிஞராகச் சில காலம். மார்சிலிங்கில் எங்கள் புளோக்கின் மேல்மாடிக் காரிடாரில் நின்றால் ஜொகூர் பாரு கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். அவர் காலத்தில் பாலம் கிடையாது, அது திறக்கப்பட்டது 1924-இல். படகில்தான் போய்வந்திருக்க வேண்டும்.

அவருடைய பெரிய காரியம் நடந்தது பினாங்கில். 1925-26-இல் 'ஃபரிதா ஹனும்' என்று நாம் சுருக்கிச் சொல்லும் நாவலை வெளியிட்டார். கதை எகிப்தில் நடக்கிறது. படித்த பெண் ஒருத்தி, வீட்டார் பார்த்த உறவுக்கார மாப்பிள்ளை வேண்டாம் என்கிறாள். தான் விரும்பியவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். ஆமாம், கடிதம்! அதோடு விடாமல் பெண்களின் உரிமை பற்றி மார்க்க ஆதாரத்தோடு வாதாடவும் செய்கிறாள். பழைய அணி ஆலிம்கள் கொதித்தார்கள். புத்தகமோ விற்றுத் தீர்ந்தது. அந்த வருமானத்தில்தான் 1927-இல் ஜெலுத்தோங் அச்சகம் எழுந்தது. மார்க்க விளக்கங்களை அச்சிட்ட அச்சகத்துக்கு முதல் போட்டது ஒரு காதல் கதை. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

1926-இல் தொடங்கிய 'அல்-இக்வான்' இதழில் எகிப்தின் காசிம் அமீனுடைய பெண் விடுதலைக் கருத்துகளை மலாயில் கொண்டுவந்தார். பெண்ணுக்குக் கல்வி மறுப்பது மார்க்கமல்ல, வழக்கம் என்பதுதான் சாரம். கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் நம் பக்கத்தில் பா. தாவூத்ஷா 'தாருல் இஸ்லாம்' இதழில் பெண்கல்விக்காக வாதாடி ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இருவரையும் அருகருகே வைத்து யாராவது விரிவாக எழுத வேண்டும்.

கதையை மகளிடம் சொன்னேன். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். "ஃபரிதா பாஷா வீட்டுப் பொண்ணுதானேம்மா? வீட்டுல வேலை செய்யுற பொண்ணு லெட்டர் எழுதியிருந்தா அவர் ஒத்துக்கிட்டிருப்பாரா?" என்றாள். நியாயமான கேள்விதான். அல்ஹாதி பெண்ணுக்காகப் பேசும்போதெல்லாம் நல்ல மனைவி, நல்ல தாய், முன்னேறும் சமுதாயம் என்ற துணைக்காரணங்கள் கூடவே வருகின்றன. அவளுக்கு வேண்டும் என்பதே போதுமான காரணமாக அவருக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் அந்தக் காரணங்களைக் கழித்துவிட்டால் அன்றைக்கு அதை யார் அச்சிட்டிருப்பார்கள், யார் வாங்கியிருப்பார்கள்? மகள் இதை ஏற்கவில்லை. "அதெல்லாம் சமாளிப்பும்மா."

அவர் 1934-இல் காலமானார். தலாக் அப்போதும் ஆணின் வாய்ச்சொல்லில்தான் இருந்தது. 1952-இல் கத்திஜுன் நிசா சிராஜ் உள்ளிட்ட சிங்கப்பூர் முஸ்லிம் பெண்கள் தாங்களே ஒரு சங்கம் அமைத்தார்கள். நினைத்த நேரத்தில் நடக்கும் மணவிலக்குகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். ஷரீஅத் நீதிமன்றம் 1958-இல் வந்தது.