அழகிய கறுப்பு

அக்கா மகள் ராஜிக்குத் தை மாதம் கல்யாணம். பெண் மாநிறம், லட்சணமான முகம். பிள்ளை வீட்டார் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு உள்ளூர ஒரு குறை. மார்கழியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், கைப்பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தாள்.

"சித்தி, இதைத் தடவினால் மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடுமாம். சிநேகிதி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தாள். இரண்டு நாளாகத் தடவுகிறேன்."

டப்பாவைத் திருப்பினேன். பொடி எழுத்து. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். நடுவில் ஒரு பெயர்: கலோமல்.

எனக்குத் திக்கென்றது. என் தாத்தா பழைய காலத்து இங்கிலீஷ் வைத்தியர். அவருடைய மருந்துப் பெட்டியில் ஒரு பழுப்புப் புட்டியின்மேல் இதே பெயர் ஒட்டியிருக்கும். "இதற்கு மட்டும் ஏன் இருட்டுப் புட்டி, தாத்தா?" என்று ஒரு தரம் கேட்டேன். "வெளிச்சம் பட்டால் கறுத்துப்போகும், அம்மா. நீ தொடாதே" என்றார்.

கலோமல் என்பது பாதரசமும் குளோரினும் சேர்ந்த பொருள். சித்த வைத்தியத்தில் பூரம் என்பது இதுதான். மருந்துக்காக மனிதன் செய்ததே அதிகம். பூமியில் தானாகக் கிடைப்பது அபூர்வம். ஸ்பெயினில் அல்மதேன், ஜெர்மனியில் மோஷல்லான்ட்ஸ்பெர்க், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து டெர்லிங்குவா போன்ற பாதரசச் சுரங்கங்களில், மற்றப் பாதரசக் கனிமங்கள் நாளடைவில் மாறி, சிறு சிறு படிகங்களாக இது உண்டாகிறது. நகத்தால் கீறினால் கோடு விழும், அவ்வளவு மெத்து. கனமோ தண்ணீரைப்போல் 7 மடங்கு! தண்ணீரில் கரையாது. சூடேற்றினால் கற்பூரம்போல் உருகாமலே ஆவியாகிவிடும். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருப்பது, வெளிச்சத்தில் வைத்தால் மெல்லக் கறுக்கும். கலோமல் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் 'அழகிய கறுப்பு' என்று பொருள் சொல்கிறார்கள்.

ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. அதனாலேயே சாது என்று உலகம் நம்பிவிட்டது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியில் இதைக் கலந்தார்கள். சில குழந்தைகளுக்குக் கையும் காலும் இளஞ்சிவப்பாகித் தோல் உரிந்தது. வெளிச்சம் பொறுக்காமல் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு அழுதன. 'இளஞ்சிவப்பு நோய்' என்று பெயர் வைத்தார்களே தவிர, காரணம் புரியவில்லை. பொடி சாப்பிட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வராததால், பொடியின்மேல் சந்தேகம் எழவில்லை. வார்க்கனி, ஹப்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், நோய் கண்ட குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதை 1948இல் எழுதி வெளியிட்டார்கள். 1954இல் இங்கிலாந்தில் அந்தப் பொடிகளிலிருந்து கலோமலை எடுத்தார்கள். நோயும் மறைந்துபோயிற்று. தன் கையாலேயே பொடியைக் குழைத்துக் கொடுத்த தாய்மார்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

சரி, முகப்பூச்சில் இதற்கு என்ன வேலை? தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது. முகம் வெளுப்பது நிஜந்தான். ஆனால் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டி, வீட்டுக் குழந்தைகளையும் சேரும். 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பூச்சுகளுக்குத் தடை விதித்தும், கள்ளத்தனமாக விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ராஜியின் முகம் சுண்டிவிட்டது. "குப்பையில் போட்டுவிடட்டுமா, சித்தி?"

"குப்பை பொறுக்குகிறவள் கையில் அகப்படவா?" என்று, டப்பாவைப் பையில் கட்டி, மூடி போட்ட புட்டிக்குள் வைத்துப் பரணில் ஏற்றினேன். மறுநாள் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். சிறுநீரைச் சோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். டப்பாவை எங்கே ஒப்படைப்பது என்றும் அவரே விசாரித்துச் சொன்னார்.

தை மாதம் மணையில் ராஜி தன் நிறத்திலேயே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை என்னை ஜாடை காட்டி அழைத்தார். என்னவோ ஏதோ என்று போனேன்.

"சித்தி, அந்தப் போட்டோக்காரரிடம் கொஞ்சம் சொல்லி வையுங்கள். படத்தில் இவளை வெளுப்பாக்கிவிடப் போகிறார்!"